சித்தி கொட்டகையில் சிரித்த சாயங்காலம்

உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். திருவொற்றியூர்க் கரையில் என்னோடு நண்டு துரத்தியவர்கள், ரயில் பாதையோரம் முறத்தில் கரி பொறுக்கியவர்கள், இப்போது ஆளுக்கொரு குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு இடுப்பில் பிள்ளையோடு நிற்பவர்கள், உங்கள் எல்லோருக்கும் அந்த ஐப்பசிச் சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் சித்தப்பா கடலில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் சித்தி டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கரையில் பந்தம் பிடிக்க வேண்டியவள் படம் பார்க்கப் போனாள். அதனால் அவர் திரும்பவில்லை. நீங்கள் அவளைக் கொட்டகையில் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். அவள் கட்டியிருந்த தக்காளிச் சிவப்புப் புடவையைக்கூட என்னால் சொல்ல முடியும்.

அது அப்படி நடக்கவில்லை. அதை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் குப்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஆணிலும் பெண்ணிலும் முதல் ஆள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ராயபுரத்தில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். படித்த திமிரில் பேசுகிறாள் என்று நீங்கள் சொல்வதும் என் காதில் விழுகிறது. சொல்லுங்கள். ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சண்டைக் காலம் அது. நமக்கு எட்டு ஒன்பது வயது. ஜப்பான்காரன் கடல் வழியாக வருகிறான் என்று பட்டணத்தில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். நாம் மட்டும் போகவில்லை. கடலை விட்டுவிட்டு எங்கே போவது? வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் அம்மாக்கள் புகைக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியே வெளிச்சம் ஒரு மிளகளவுதான் வரும். சோற்றில் முள் எது, மீன் எது என்று விரலால் தடவித் தின்றோம். பேசின் பிரிட்ஜ் பக்கம் எப்போதும் வானத்தில் தெரியும் பவர் ஹவுஸ் வெளிச்சம் இல்லாமல் போயிற்று. தெற்கே எந்தப் பக்கம் பட்டணம் என்றே தெரியவில்லை.

ரயில் ரோட்டை ஒட்டிய மைதானத்தில் மிலிட்டரிக்காரர்கள் முள்கம்பி போட்டு லாரிகளை நிறுத்தினார்கள். அந்தக் கம்பிக்குள் ஒரு பிஸ்கட் தகரம் கிடந்தது. தாமரைப்பூ படம் போட்ட தகரம். அதற்கு ஆசைப்பட்டு நான் கையை விட்டதில் பாவாடை கிழிந்தது. தகரம் கிடைக்கவில்லை. அம்மாவிடம் துடைப்பத்தால் அடி வாங்கினேன்.

நம் கரையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. விளக்கு உத்தரவு வந்த பிறகும் அதை யாரும் விடவில்லை. பொழுது சாய்ந்தும் கடலுக்குப் போன கட்டுமரம் திரும்பவில்லை என்றால் அந்தந்த வீட்டுப் பெண் கரைக்கு வந்து பனையோலைப் பந்தம் கொளுத்திப் பிடிப்பாள். அவள் புருஷனுக்கு அவள்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு வீட்டுக்காரி பிடித்தால் மரம் தடுமாறி வேறு இடத்தில் அலையில் சிக்கும் என்பார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு விதமாக ஆட்டுவாள். என் அம்மா மேலும் கீழும் ஆட்டுவாள். சித்தி தலைக்கு மேல் தூக்கி வட்டமாகச் சுற்றுவாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், வயிற்றில் பிள்ளை வேறு. சித்தப்பா அவளைக் கேலி செய்துகொண்டே மரத்தை இழுப்பார்.

"அல்லாரு பந்தமும் மின்மினி மாதிரி கீது. நம்மளுது மட்டும் பேய் ஆட்றாப்ல ஆடுது. பயந்துகினே கரைக்கு வந்துட்டேன்."

"பயந்தாவது வந்தியே, அது போதும்," என்பாள் சித்தி.

அந்த ஐப்பசி நாளில் வாடைக் காற்று திடீரென்று திரும்பியது. மேகத்தைப் பார்த்துவிட்டு மற்ற மரங்கள் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே கரையேறின. சித்தப்பா மட்டும் தூரம் போயிருந்தார். அவரோடு எப்போதும் போகும் கூட்டாளிக்குக் காய்ச்சல், அதனால் தனியாகப் போயிருந்தார். அவர் திரும்பவில்லை. கட்டு அவிழ்ந்த மரக்கட்டைகள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒதுங்கின. அவர் ஒதுங்கவே இல்லை.

இதுவரை நமக்குள் பேதம் இல்லை. இதற்குப் பிறகுதான்.

சித்தி கரையில் நிற்கவில்லை என்ற பேச்சு எந்த நாளில் தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. மழையில் சுவர் ஊறுவது போல மெல்ல ஊறியது. சித்தி வயிற்றிலிருந்த தங்கச்சி பிறந்தாள், நடந்தாள், நாமும் வளர்ந்தோம். அதற்குள் சித்தி கொட்டகையில் சிரித்தது குப்பம் முழுவதற்கும் கண்ணால் கண்ட காட்சியாகிவிட்டது. மரம் இறக்கும்போது அவள் எதிரே வந்தால் ஆண்கள் உட்கார்ந்துவிட்டுப் பிறகு போனார்கள். மீன் கூடையை அவள் தொட்டால் வாங்குபவள் முகம் சுளித்தாள். அவள் ராயபுரத்தில் ஒரு கிடங்குக்குக் கோணி தைக்கப் போனாள். பதினைந்து வருஷமாகத் தைக்கிறாள். சணல் தூசியில் இருமி இருமி அவள் குரலே ஆண்குரல் போல் ஆகிவிட்டது.

போன வருஷம் தங்கச்சிக்கு எண்ணூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் நல்லவன், சொந்த வலை உண்டு. பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பையனின் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே என் அம்மாவிடம் சொன்னாள்: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா புருசனுக்கு வெளிச்சம் காட்டாதவ பெத்த பொண்ணாச்சே. எம் புள்ளையும் கடலுக்குப் போறவன் தானே, யம்மா?"

சித்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. தங்கச்சி உள்ளே போய்த் தண்ணீர்ப் பானையைக் காரணமில்லாமல் திறந்து திறந்து மூடினாள்.

அன்று எனக்கு வந்த கோபத்தில்தான் யோசிக்கத் தொடங்கினேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பள்ளியில் ஆசிரியைகள் சாப்பாட்டு நேரத்தில் சண்டைக் காலத்தில் பட்டணத்தின் மேல் பறந்த ஜப்பான் விமானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். ஒருத்தி இறக்கையில் சிவப்பு வட்டத்தைப் பார்த்திருந்தாள். இன்னொருத்தி ஓட்டியவனின் பல்லைப் பார்த்திருந்தாள். பல்லைப் பார்த்தவள் அப்போது திருநெல்வேலியில் இருந்தவள். நான் அதைச் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. "பொய் சொல்கிறேன் என்கிறாயா? எனக்குத் தெரிகிறதே" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

எனக்கும் ஒரு சிவப்புப் புடவை தெரிகிறதே என்று எண்ணிப் பார்த்தேன். அப்போதுதான் முள்கம்பி குறுக்கே வந்தது.

அம்மா அரிவாள்மனையில் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, டென்ட்டுக் கொட்டாய் எங்க போட்டான்?"

"இன்னாடி கேள்வி இது? ரயிலு ரோட்டாண்ட மைதானத்துலதான்."

"மிலிட்டரிக்காரன் கம்பி போட்டது எந்த மைதானம்?"

"அதேதான். நீகூட பாவாடைய கிழிச்சிகினு வந்து என்னாண்ட மொத்து வாங்கினியே."

"கம்பிய எப்ப எடுத்தான்?"

"சண்ட முடிஞ்சதும் எடுத்தான்."

"சித்தப்பா எப்ப போனாரு?"

"சண்ட நடந்துகினு இருக்க சொல்லோ..." அம்மாவின் கை நின்றது.

"அப்ப கம்பிக்குள்ள எப்டிம்மா கொட்டாய் போட்டான்? வெளக்கே ஏத்தக் கூடாதுன்னு சொன்ன காலத்துல படம் எப்டி ஓட்டினான்?"

அம்மா ஒரு மீனின் தலையைக் கிள்ளி எறிந்தாள். பூனை கவ்விக்கொண்டு போயிற்று. அம்மாவின் முகத்தில் ஏதோ அசைந்து மறுபடி இறுகியது.

"வேற எங்கனா போட்டிருப்பான். தேரடியாண்ட. ஆமா, தேரடியாண்டதான் போட்டான். இப்ப நல்லா ஞாபகம் வருது. வெளிய வெளிச்சம் தெரியாம சுத்தி கறுப்புத் துணி கட்டினு இருந்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் குப்பத்தில் பாதிப்பேர் தேரடிக் கொட்டகையையும் கறுப்புத் துணியையும் பார்த்திருந்தார்கள். உங்களில் ஒருத்தி அந்தத் துணியில் ஓட்டை இருந்தது என்று என்னிடமே சொன்னாள்.

கொட்டகை வந்தது உண்மை. சண்டை முடிந்து, கம்பியை எடுத்து, லாரிகள் போன பிறகு அந்த மைதானத்தில்தான் வந்தது. சித்தி போனதும் உண்மை. தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் அம்மாவின் சிவப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை வந்தாள். படத்தில் எவனோ வாய்க்காலில் விழ, அவன் தொப்பி மட்டும் மிதந்து போயிற்று. சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பெண் தண்ணீரில் விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்தச் சிரிப்பைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து சில வருஷம் பின்னால் நகர்த்தி அந்த ஐப்பசியில் வைத்துவிட்டோம். யாரும் யாரிடமும் பேசி வைத்துச் செய்யவில்லை.

அப்படியானால் அன்று அவள் எங்கே இருந்தாள்?

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்போது குப்பத்துத் தலைவர். இப்போது வலை பழுது பார்ப்பதோடு சரி. மரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

"நைனா, அன்னிக்கு சித்தப்பாக்கு பந்தம் யாரு புடிச்சா?"

"நான்தான்." ஒரு கணம்கூட அவர் யோசிக்கவில்லை. "அவ கொட்டாய்ல கீறா. கரையில ஒரு நாதியில்ல. வேற கை புடிக்கக் கூடாதுதான், ஆனா மனசு கேக்கல. நானே ஓலைய கொளுத்திகினு நின்னேன். பாரு, சுட்டது இன்னும் கீது."

இடது காலைத் தூக்கித் தொடைமேல் போட்டுக் காட்டினார். உள்ளங்காலின் குழிவில் கறுத்துச் சுருங்கிய தழும்பு. அந்தக் காலை எத்தனையோ முறை நான் பிடித்துவிட்டிருக்கிறேன். தார் பட்டது என்று நினைத்திருந்தேன்.

"பந்தம் புடிச்சா கையிலதானே சுடும் நைனா?"

"தணல் கீழ உழுந்துது."

"உழுந்தா மேல்கால்ல உழும். இது அடிக்கால்."

அவர் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டியிருக்கும் மீன் செதிலைத் தேய்ப்பது போலக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"வெளக்கு அணைக்க சொல்ற வார்டன் வந்தான்," என்றார். "மத்தியானமே வந்தான். காக்கி நிஜாரு, கையில தடி. கரையில ஒரு பொட்டு வெளிச்சம் தெரிஞ்சுதுன்னா இந்தக் குப்பத்துல இனிமே ஒரு மரம் எறங்காதுன்னான். அல்லாரு வயிறும் எங் கையில இருந்துது."

"அப்பால?"

"அவ்ளோதான் ஞாபகம்."

"அணைச்சது யாரு நைனா?"

"போடி. வாத்திச்சி வேலய பள்ளிக்கூடத்தோட வெச்சிக்க." திட்டத்தான் திட்டினார், குரலில் வேகம் இல்லை. மணலில் கையை விட்டு வலை ஊசியைத் தேடினார். அது அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

காய்ச்சலில் படுத்திருந்த கூட்டாளி இன்னும் இருக்கிறார். அவரிடமும் போனேன். முதலில் சிரித்தார்.

"ஜுரத்துல கெடந்தவன் பேச்சு இன்னாத்துக்கு உனக்கு? நா குடிசைக்குள்ள கீறேன். அவ கத்தினது காதுல உழுந்துது. 'மாமா, அணைக்காதீங்க மாமா, அவரு வராரு மாமா'ன்னு. காலையில கேட்டேன். கனவு கண்டியாடான்னாங்க. அத்தினி பேரு சொல்ல சொல்லோ நான் ஒருத்தன் இன்னா பண்றது? கனவுன்னே வெச்சிகினேன்."

சித்தி மாமா என்று கூப்பிடுவது அக்கா புருஷனை. என் நைனாவை.

ஆக, அவள் கரையில்தான் நின்றாள். பந்தம் பிடித்தாள். சுற்றியிருந்தார்கள் நம் பெரியவர்கள். என் நைனா மிதித்து அணைத்தார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கெட்ட மனதால் அல்ல. குப்பம் முழுதும் பட்டினி கிடக்குமே என்ற பயத்தால். ஆனால் அந்தப் பயத்தோடு பிறகு எப்படி வாழ்வது? விடிந்தபோது மரக்கட்டைகள் வந்துவிட்டன. அவளைக் கரையிலிருந்து எடுத்துக் கொட்டகையில் உட்கார வைத்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு எனக்கும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஈர மணல் நெருப்பில் விழும் சத்தமும், நனைந்த ஓலைப் புகையின் நாற்றமும். அது என் உண்மையான ஞாபகமா, நைனாவின் பாதத்தைப் பார்த்த பிறகு முளைத்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் பள்ளிச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்கு ஓடினேன். சித்தி கோணிக் குவியலில் சாய்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"சித்தி, நீ அன்னிக்கு கொட்டாய்க்கு போவல."

அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "உனக்கு இன்னாடி தெரியும்? போனேன். சிரிச்சேன். ஒருத்தன் வாய்க்கால்ல உழுவான், தொப்பி மெதந்துகினு போவும். அவரு அங்க முழுவிகினு கீறாரு, நா இங்க சிரிச்சிகினு கீறேன். தெனம் கண்ணுல வருதே."

"அது சண்ட முடிஞ்சப்பறம். தங்கச்சி உன் இடுப்புல இருந்தா. வேர்க்கடல கேட்டு அழுதா."

"அது இன்னொரு தபா."

"நீ ஒரு தபாதான் போன சித்தி. அதுக்கு மேல உன்ன யாரு போவ வுட்டாங்க?"

ஊசி கோணியில் பாதியில் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, பாதம், கூட்டாளி கேட்ட குரல். வேறு யாரோ ஒரு பெண்ணின் கதையைக் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப நா பந்தம் புடிச்சேனா?"

"புடிச்ச."

"சுத்தினேனா?"

"நீ எப்பவும் சுத்துவியே."

அவள் முகம் திறந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷத்துச் சணல் தூசிக்கு அடியிலிருந்து, மரம் இழுக்கும் புருஷனுக்குப் பதில் சொன்ன பெண் எட்டிப் பார்த்தாள். என் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு பெருமையாக நான் என்றுமே இருந்ததில்லை.

பிறகு அவள் சொன்னாள்: "அப்ப அவரு பாத்திருப்பாரு."

நான் அதை யோசித்திருக்கவில்லை.

"நம்மளுதுன்னு கண்டுகினு இருப்பாரு. அத்தப் பாத்து மரத்த திருப்பியிருப்பாரு. நடுவுல அணைஞ்சி போச்சின்னா..." ஊசியின் முனையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்னாத்த நெனச்சிருப்பாருடி? நான்தான் அணைச்சேன்னு நெனச்சிருப்பாரா?"

எந்தப் பள்ளியிலும் அதற்குப் பதில் கிடையாது.

"வேணாண்டி கண்ணு. அவரு எதையும் பாக்கல. சும்மா இருட்டுல போய்ட்டாரு. நா கொட்டாய்லயே இருந்துட்டுப் போறேன்."

ஊசியை இழுத்து அந்தத் தையலை முடித்தாள்.

அந்த வாரம் நைனா யாரிடமும் சொல்லாமல் எண்ணூருக்கு நடந்தே போனார். பந்தத்தை மிதித்து அணைத்தது தான்தான் என்று பையன் வீட்டார் முன்னால் சொல்லியிருக்கிறார். அவர்கள் நெகிழ்ந்துபோய்விட்டார்கள். மச்சினிக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பெரிய மனசு என்றார்கள். இப்படிப்பட்ட மனிதர் வீட்டுப் பெண்ணை வேண்டாம் என்போமா என்று கல்யாணத்துக்குச் சம்மதித்தார்கள். பெற்றவள் மட்டும் பந்தலுக்குள் வரக்கூடாது என்றார்கள். நைனா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. திரும்பி வந்தவர் அன்று சோறு தின்னவில்லை.

நம் குப்பத்தில் புருஷன் இல்லாதவள் என்று பெற்றவளை யாரும் வெளியே நிறுத்துவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். அவளை நிறுத்தினார்கள். அவள் ஒத்துக்கொண்டாள். பொண்ணு நல்லா இருந்தா போதும் என்றாள். தாலி கட்டும்போது பந்தலுக்கு அப்பால், வலை உலர்த்தும் மூங்கில்களின் பக்கம் நின்றாள். முதல் ஆளாக உட்கார வேண்டிய நைனா எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். மேளம் வேகமெடுத்தபோது நைனா தலையைக் குனிந்தார். சித்தியின் கையில் நான் கொடுத்த அட்சதை இருந்தது. அங்கிருந்து எறிந்தால் பந்தல் ஓலைவரைகூட எட்டாது. மூடிய கையைத் திறக்காமலே நின்றாள்.

இந்த ஆடிக்குத் தங்கச்சி தாய்வீட்டுக்கு வந்தாள். முகத்தில் பூரிப்பு. சித்தி அவளுக்குச் சுறாப்புட்டு செய்திருந்தாள். நாங்கள் மூவரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமியார் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நடுவில் கல்யாண நாளைப் பற்றிப் பேசினாள்.

"அம்மா முன்னால வந்து நின்னு அட்சத போட்டுச்சே, ஒரு அரிசி எங் கண்ணுல உழுந்து தண்ணி தண்ணியா வந்துச்சிக்கா. அவரு நா அழுவுறேன்னு நெனச்சிகினாரு."

நான் வாயைத் திறந்தேன். சித்தி என்னைப் பார்த்தாள்.

"ஆமாண்டி," என்றாள் மகளிடம். "கண்ண கசக்கிகினே நின்னியே. நான்தான் போட்டேன்." இன்னும் ஒரு கை புட்டு எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.